பியூஸ் மாற்றினால் பாட்டு நன்றாகக் கேட்குமா? கல்லடி மேசைக்கு வரும் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை போட்டு, பழுதான அம்பிளிபயர் பார்ப்பது என் பின்னேர வேலை. போன வருடம் காத்தான்குடியிலிருந்து ஒரு காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். மோதிரப் பெட்டி மாதிரி, உள்ளே வெல்வெட். திறந்தால் ஒரு பியூஸ். லண்டனில் இருக்கிற மச்சான் அனுப்பியதாம். இதைப் போட்டால் சத்தம் நன்றாகுமா என்று அவர் கேட்கவில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "தம்பி, இந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கணும்?" என்பதுதான் கேள்வி.

அதன் பிறகு கல்முனை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று என்று பல இடங்களிலிருந்தும் இதே சங்கதியைக் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் நோகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அம்பிளிபயருக்குள் பியூஸ் எதற்கு?

தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. உள்ளே ஏதாவது பழுதாகி அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் ஓடினால், அந்த மெல்லிய கம்பி உருகி அறுந்து வழியை மூடிவிடும். அது செய்கிற வேலை அவ்வளவுதான். உங்கள் அம்பிளிபயரைக் காப்பாற்றுவதுகூட அதன் முதல் வேலை இல்லை. பியூஸ் அறுவதற்குள் ட்ரான்சிஸ்டர் பெரும்பாலும் போயிருக்கும். வீடு எரியாமல் இருக்கும்.

"விசேட பியூஸ்" என்று விற்கிறார்களே, அதில் என்ன விசேடம்?

கம்பி வெள்ளி என்பார்கள், அல்லது சுத்தமான செம்பு. இரண்டு முனைத் தொப்பிக்கும் தங்க முலாம். உடம்பு கண்ணாடிக்குப் பதிலாகப் பீங்கான். திரவ நைதரசனில், அதாவது கழிய 196 பாகை செல்சியசில், குளிர வைத்தது என்பார்கள். சிலதில் உள்ளே அதிர்வை அடக்கும் பிசின். மேலே ஒரு அம்புக்குறி. விலை 30 டாலரில் தொடங்கிப் பல நூறு டாலர் வரை போகிறது. 200 டாலர் என்றால் நம் காசில் அறுபதாயிரத்துக்குக் குறையாது. அதே அளவு சாதாரண பியூஸ் ஒரு பிளேன் ரீ காசுக்குக் கடையில் கிடக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சத்தத்தில் வித்தியாசம் வருமா, வராதா?

கரண்ட் உள்ளே வருகிற இடத்துப் பியூஸ் என்றால், வராது. பழைய பியூஸ் ஒழுங்காக இருந்து, அதன் தொடுமுனைகள் சுத்தமாக இருந்தால், புதியதற்குக் கேட்கிற மாதிரி எந்த வேலையும் இல்லை.

ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் பியூஸ் இருந்தால் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

"வராது" என்று வாயால் சொன்னால் போதுமா? கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழைய யாழின் சுருதிகளையே விகிதக் கணக்குப் போட்டுத்தான் தேடினார். அவர் மண்ணில் இருந்துகொண்டு கணக்குக்குப் பயப்படலாமா?

5 மில்லிமீற்றர் விட்டமும் 20 மில்லிமீற்றர் நீளமுமாக இருக்கிற சாதாரண 2 அம்பியர் பியூஸ் ஒன்றின் தடை கிட்டத்தட்ட 0.06 ஓம். உங்கள் அம்பிளிபயர் ஓரளவு சத்தமாகப் பாடும்போது 1 அம்பியர் இழுக்கிறது என்று கூட்டியே வைப்போம். அப்போது பியூசில் இழக்கப்படுவது 0.06 வோல்ற்.

இனி அந்தப் பியூசுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெயின் சுவிட்சிலிருந்து உங்கள் ஹோலுக்கு 15 மீற்றர் வயர் ஓடுகிறது என்றால், போக வர 30 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.0074 ஓம். மொத்தம் 0.22 ஓம். பியூசைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அதற்கு அப்பால் மீற்றர், கம்பத்திலிருந்து வருகிற சேர்விஸ் வயர், தெருக் கம்பி, ட்ரான்ஸ்போமர். பியூசைத் தாண்டி உள்ளே போனால், அம்பிளிபயரின் சொந்த ட்ரான்ஸ்போமர். அதன் முதற்சுருள் நீளமான மெல்லிய செம்புக் கம்பி. 300 வாற் அளவுள்ள ஒன்றில் அதுவே சில ஓம் தடை காட்டும். இந்தச் சங்கிலியில் 20 மில்லிமீற்றர் துண்டு ஒன்றை வெள்ளியாக்கி என்ன காணப்போகிறோம்?

இன்னொன்று. நமக்கு வருகிற கரண்ட் 230 வோல்ற். அது 6 வீதம் கூடியும் குறைந்தும் வரலாம் என்பது விதி. அதாவது 13.8 வோல்ற் ஏறலாம், இறங்கலாம். பியூஸ் தின்கிற 0.06 வோல்ற்றைப்போல் இது 230 மடங்கு. பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டரைப் போட்டால் உங்கள் மல்ட்டிமீற்றர் காட்டுகிற சரிவு, ஊரிலுள்ள பியூஸ் எல்லாம் சேர்ந்து செய்வதைவிடப் பெரியது. அந்தச் சரிவு பாட்டில் உங்களுக்குக் கேட்கிறதா? கேட்காது. ஏனென்றால் அம்பிளிபயருக்குள் வருகிற கரண்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ட்ரான்ஸ்போமரில் இறங்கி, டையோட்டில் ஒருபக்கமாகி, பெரிய கண்டென்சரில் குளம் மாதிரித் தேங்கி நிற்கிறது. பாட்டு அந்தக் குளத்திலிருந்து அளவாக மொண்டு கொள்கிறது. குளத்துக்கு வருகிற வாய்க்காலில் ஒரு கல்லைப் புரட்டிப் போட்டால் வயலில் நெல் வேறு சாதியாக விளையாது.

வெள்ளிக் கம்பி செம்பைவிட நல்லதுதானே?

மின் கடத்துவதில் செம்பைவிட ஆறு வீதம் அளவுக்கு நல்லது. தங்கம் செம்பைவிட மோசம். அதன் தன்மை களிம்பு ஏறாமல் இருப்பது மட்டும்தான்.

விற்கிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒரு விடயம் இருக்கிறது. பியூஸ் அறுவதே அதற்குத் தடை இருப்பதால்தான். தடையில் கரண்ட் ஓடிச் சூடேறினால்தானே உருகும்! 2 அம்பியரில் பிடித்து நிற்கவும், பழுது வந்தால் சொன்ன நேரத்துக்குள் உருகவும் வேண்டுமென்றால் கம்பி அதற்கேற்ற மெல்லியதாக இருந்தே ஆகவேண்டும். வெள்ளி என்றால் இன்னும் மெல்லியதாக இழுப்பார்கள், அவ்வளவுதான். தடை கடைசியில் அதே ஊர்தான் வந்து சேரும். ஒரு பியூசின் தடை அதே அளவுள்ள மற்றப் பியூசுகளின் தடையைவிட மிகவும் குறைவாக இருந்தால் நான் சந்தோசப்பட மாட்டேன், பயப்படுவேன். எழுதியிருக்கிற அளவில் அது அறாது என்றுதான் அர்த்தம்.

நைதரசன் கதையும் அப்படித்தான். வேலை செய்கிற பியூசின் கம்பி சூடாக இருக்கிறது. தொழிற்சாலையில் குளிர வைத்ததை உங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் அடுப்பில் வைக்கிறீர்கள்.

அம்புக்குறி எந்தப் பக்கம்?

நம் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை போய் வருகிறது. எந்தப் பக்கம் வைத்தாலும் பாதி நேரம் அம்புக்கு எதிராகத்தான் ஓடும். எழுத்து வாசிக்கிற பக்கமாக வையுங்கள். அடுத்த முறை மாற்றும்போது வசதி.

"எல்லாம் சரி. ஆனா நான் மாத்தினேன், எனக்குக் கேட்டது. நான் பொய்யா சொல்றேன்?"

இதுதான் அதிகம் வருகிற கேள்வி. கோபமாகவும் வருகிறது. இல்லை, நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களுக்குக் கேட்டது. அது ஏன் கேட்டது என்பதற்குப் பல காரணம் இருக்கலாம், அதில் ஒன்று உண்மையிலேயே மின்சாரக் காரணம்.

அதை முதலில் சொல்கிறேன். நாம் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில். கல்லடியில் ஒரு பித்தளைப் பூட்டை வெளியில் தொங்கவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் பச்சை பிடிக்கும். அம்பிளிபயரின் பின்பக்கம் இருக்கிற பியூஸ் ஹோல்டரும் அந்தக் காற்றைத்தான் குடிக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் ஒருவரும் தொடாத ஹோல்டரில் களிம்பு ஏறி, பிடிப்பு தளர்ந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கும், அல்லது ஒரு கணம் அடங்கி வரும். அந்தப் பழைய பியூசைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது தொப்பி உரசிக் களிம்பு போகிறது. சத்தம் உண்மையாகவே திருந்துகிறது. ஆனால் அறுபதாயிரம் ரூபாய்ப் பியூசுக்குப் பதிலாகப் பழைய பியூசையே கழற்றித் துடைத்துப் போட்டிருந்தாலும் அதே திருத்தம் வந்திருக்கும். என் மேசைக்கு "பியூஸ் மாத்தினேன், திருந்திச்சு" என்று வந்த அம்பிளிபயர்களில் பலவற்றின் கதை இதுதான்.

மற்றக் காரணங்கள் காதுக்கும் மூளைக்கும் உரியவை. பியூஸ் மாற்ற அம்பிளிபயரை அணைத்து, திறந்து, மூடி, மறுபடி போடுவதற்குள் ஐந்து பத்து நிமிடம் போகிறது. அவ்வளவு நேரத்துக்கு முன் கேட்ட சத்தத்தை நுணுக்கமாக நினைவில் வைத்திருக்க எந்தக் காதாலும் முடியாது. திரும்பப் போடும்போது வொலியூம் ஒரு மயிரிழை கூடியிருந்தால், அது "கூடின சத்தம்" என்று தெரியாது, "தெளிவான சத்தம்" என்றே தெரியும். அதோடு, காசு கொடுத்த மனிதன் உன்னித்துக் கேட்கிறான். உன்னித்துக் கேட்டால் போன கிழமை கவனிக்காத மிருதங்கத்தின் ஒரு சொல் இன்று கேட்கும். அது முந்தியும் இருந்தது.

அம்மப்பா என்னைச் சின்ன வயதில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் கூட்டிப் போனார். பூரணை இரவு, கல்லடிப் பாலத்தடி. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். எனக்கு முதலில் ஒன்றுமே இல்லை. "கேட்குதா மனே?" என்றார். "கேட்குது" என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிக் கேட்காமல் இருக்கும்? வாவியில் அந்த ஒலி இருக்கிறது, பலர் கேட்டிருக்கிறார்கள், பதிவும் செய்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று இரவு என் காதில் விழுந்தது மீனா, அம்மப்பாவா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, பொறுமை வேண்டும். காக்காவோடு நான் செய்ததைச் சொல்கிறேன்.

அவருடைய பழைய பியூசையும் ஹோல்டரையும் முதலில் துடைத்துச் சுத்தம் செய்தேன். இது முக்கியம், இல்லாவிட்டால் களிம்பைத்தான் சோதிப்பீர்கள். வொலியூம் குமிழில் துணி ஒட்டும் டேப்பை ஒட்டி அசையாமல் வைத்தோம். அவர் மகன் நாணயம் சுண்டினான்: தலை என்றால் லண்டன் பியூஸ், பூ என்றால் பழைய கடைப் பியூஸ். ஒவ்வொரு தடவையும், பியூஸ் மாறினாலும் மாறாவிட்டாலும், பிளக்கைக் கழற்றி, பியூசைக் கழற்றி, திரும்ப மூடிப் போட வேண்டும். கழற்றிப் பூட்டுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடாது. காக்கா அடுத்த அறையில் இருந்தார். நானும் மகனைப் பார்க்கவில்லை, ஏனென்றால் தெரிந்தவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அவர் வந்து உட்கார்ந்து தனக்குப் பழகின ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு "லண்டன்" அல்லது "கடை" என்று எழுதினார்.

பத்துத் தடவை. மஃரிபுக்குப் பிறகு தொடங்கி, இடையில் இஷாத் தொழுகைக்கு எழும்பி, சாப்பாடும் முடிந்து, இரவு பத்தரை ஆகிவிட்டது. முதல் இரண்டும் சரி. காக்காவுக்கு முகம் மலர்ந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பத்தில் நான்கு.

கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பத்தில் ஐந்து வரும். எட்டு அல்லது அதற்கு மேல் சரியாக வருவது வெறும் அதிர்ஷ்டத்தில் நூற்றில் ஐந்தாறு தடவை நடக்கும். ஒன்பது அல்லது அதற்கு மேல் என்றால் நூற்றில் ஒன்று. ஆகவே ஒருவர் ஒன்பது எடுத்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுநாளும் செய்து பார்ப்பேன். இப்படி மறைத்துக் கேட்கும் முறை புதிது இல்லை. 1982-இலேயே டேவிட் கிளார்க் என்பவர் ஒலிப் பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகையில் இதற்கான கருவியை விவரித்து எழுதிவிட்டார். பியூஸ் விற்கிறவர்கள் இந்தச் சோதனையின் முடிவை விளம்பரத்தில் போடுவதை நான் கண்டதில்லை.

சோதனை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிளக்கைக் கழற்றாமல் பியூசில் கை வைக்க வேண்டாம். மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் கண்டென்சரில் தேங்கின கரண்ட் இறங்கும்வரை காத்திருங்கள். தெரியாவிட்டால் திறக்கவே வேண்டாம்.

ஸ்பீக்கர் வழியில் இருக்கிற பியூஸ்?

இங்கேதான் பியூஸ் உண்மையில் சத்தத்தைத் தொடுகிறது. பழைய அம்பிளிபயர் சிலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகிற வயரிலேயே பியூஸ் இருக்கும். மேக்னபான் போன்ற தட்டை ஸ்பீக்கர்களின் பல மாடல்களில் பின்பக்கம் பியூஸ் உண்டு. இங்கே பியூசுக்குள் ஓடுவது 50 ஹேட்ஸ் கரண்ட் இல்லை, பாட்டு. கம்பி சூடானால் தடை கூடும், ஆறினால் குறையும். உயர்ந்த சுருதியில் சூடேறி ஆற நேரமில்லை, சராசரிச் சூட்டிலேயே நிற்கும். தாழ்ந்த பேஸ் சத்தத்தில் அலை மெதுவாக ஏறி இறங்குகிறது. கம்பியும் அதோடு சூடேறி ஆறுகிறது, தடையும் கூடவே ஆடுகிறது. பாட்டில் இல்லாத, மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட ஒரு சாயல் சேர்ந்துகொள்கிறது. இதை அளக்க முடியும். பியூஸ் சின்னதாகவும் சத்தம் பெரிதாகவும் இருந்தால் கூடுதலாகத் தெரியும்.

இதற்கும் தங்க முலாம் மருந்து இல்லை. நல்ல அம்பிளிபயர் வடிவமைப்பில் பியூசை ஸ்பீக்கர் வழியிலிருந்து எடுத்து, உள்ளே டீசீ கரண்ட் (டையோட்டில் ஒருபக்கமான கரண்ட்) வழியில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரைக் காக்க ரிலே, அதாவது தானே துண்டிக்கிற சுவிட்ச், போடுகிறார்கள். உங்கள் ஸ்பீக்கரில் பியூஸ் இருந்தால், தயாரித்தவர் சொன்ன அளவையே போட்டு, தொடுமுனையைச் சுத்தமாக வைத்திருங்கள். சத்தம் நன்றாகும் என்று அதை எடுத்துவிட்டு செம்புத் துண்டு வைத்தால், அடுத்த தீமிதித் திருவிழாவுக்கு வீட்டு ஸ்பீக்கரைக் கோயிலுக்குக் கொடுக்கிற அன்று உயர்ந்த சுருதி பாடுகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீற்றர் போகும். அப்படி ஒன்று இப்போதும் என் தட்டில் கிடக்கிறது.

பியூசில் எழுதியிருக்கிறதை எப்படி வாசிப்பது?

தொப்பியில் நுணுக்கமாக "டி 3.15 ஏ எல் 250 வி" என்ற மாதிரி ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். கண்ணாடி போட்டுப் பாருங்கள், எனக்கும் இப்போது வேண்டியிருக்கிறது.

முதல் எழுத்து அறுகிற வேகம். டி என்றால் பொறுத்து அறுவது, எஃப் என்றால் உடனே அறுவது. வட்ட ட்ரான்ஸ்போமர் உள்ள அம்பிளிபயர், போட்ட கணத்தில் வழமையைவிடப் பத்து மடங்கு கரண்ட்டையும் இழுக்கக்கூடும். அங்கே எஃப் போட்டால் சுவிட்சைத் தட்டின உடனே போய்விடும். பிறகு "இந்த அம்ப் பியூஸ் தின்னுது" என்று கொண்டு வருவீர்கள். பொறுத்து அறும் பியூசில் ஒரு அழகான வேலை இருக்கிறது: சிலவற்றில் கம்பியின் நடுவில் ஒரு துளி வெள்ளீயம் வைத்திருப்பார்கள். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிக் கம்பிக்குள் கரைந்து, 962 பாகை வரை உருகாத வெள்ளியைக்கூட அந்த இடத்தில் முன்கூட்டியே அறுத்துவிடும். பியூசில் வியப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்றால் எனக்கு அந்தத் துளிதான்.

நடுவில் வருவது அம்பியர். அம்பியருக்கு அடுத்த எழுத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எல் என்பது கண்ணாடி. அது 35 அம்பியர் அல்லது தன் அளவின் பத்து மடங்கு, இதில் எது பெரிதோ அதுவரைதான் பாதுகாப்பாக வெட்டும். எச் என்றால் பெரும்பாலும் பீங்கான், உள்ளே மணல். 1500 அம்பியர் வரை வெட்டும். எச் இருந்த இடத்தில் எல் போடக்கூடாது. 250 வோல்ற் என்று எழுதாத, 125 வோல்ற் பியூசை நம் ஊரில் போடவே கூடாது.

கனடாவிலிருந்து அண்ணன் அம்பிளிபயர் அனுப்பியிருக்கிறார். அதே பியூஸ் போதுமா?

பியூசை விடுங்கள், முதலில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அங்கே 120 வோல்ற், 60 ஹேட்ஸ். நேராக நம் சொக்கெற்றில் செருகினால் பியூசின் தரத்தைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது. யப்பானுக்கென்று செய்தது என்றால் 100 வோல்ற்.

பின்னால் வோல்ற் மாற்றும் சுவிட்ச் இருந்து 230-க்கு மாற்றினால், பியூசையும் மாற்ற வேண்டும். கரண்ட் பாதியாகும், ஆகவே பியூசும் கிட்டத்தட்டப் பாதி. 6.3 இருந்த இடத்தில் 3.15 என்ற கணக்கில் தகட்டிலேயே எழுதியிருப்பார்கள். சுவிட்ச் இல்லையென்றால் வோல்ற் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வெளியில் வேண்டும். அப்போது பழைய பியூசே சரி. ஆனால் அது வோல்ற்றைத்தான் குறைக்கும், 50 ஹேட்சை 60 ஆக்காது. தகட்டில் 50/60 என்று இல்லாத அம்பிளிபயரின் ட்ரான்ஸ்போமர் இங்கே கூடுதலாகச் சூடேறும், உறுமும்.

அமெரிக்கப் பியூசில் இன்னொரு சிக்கல். அவர்களுடைய 3 அம்பியரும் ஐரோப்பிய 3 அம்பியரும் ஒன்றில்லை. ஐரோப்பிய முறையில் செய்தது ஒன்றரை மடங்கு கரண்ட்டை ஒரு மணித்தியாலம் தாங்க வேண்டும். அமெரிக்க முறையில் செய்தது 1.35 மடங்கிலேயே ஒரு மணித்தியாலத்துக்குள் அறவேண்டும். இலக்கம் ஒன்று என்று மாற்றிப் போட்டுவிட்டு "பியூஸ் கூடாது" என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

13 அம்பியர் பிளக்குக்குள்ளும் ஒரு பியூஸ் இருக்கிறதே?

சதுரப் பின் பிளக்கில் இருக்கிறது. பழைய உருண்டைப் பின்னில் இல்லை. அதற்கும் தங்கப் பியூஸ் விற்கிறார்கள். நான் மேலே சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும். சிவப்பு எழுத்து 3 அம்பியர், மண்ணிறம் 13. அந்தப் பியூஸ் காப்பது வயரை. மெல்லிய வயருக்கு 13 போட்டால் வயர்தான் பியூஸ். பிளக்கைக் கழற்றும்போது சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது.

அடிக்கடி அறுகிறது. கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன?

வேண்டாம். ஈயத்தாளும் வேண்டாம், ஒற்றைக் கம்பி சுற்றுவதும் வேண்டாம். ஏன் அறுகிறது என்று பாருங்கள்.

ஹம் என்று உறுமுகிறது. விசேட பியூஸ் போட்டால் நிற்குமா?

நிற்காது. பெரும்பாலும் இரண்டு வழியில் எர்த் சேர்ந்து வளையமாகியிருக்கும். டிஷ் அன்ரனா வயரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஹம்மை நிறுத்தவென்று எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அப்படி வெட்டினதைச் சரிசெய்ய நான் காசு வாங்குவதில்லை, ஏச்சு மட்டும்தான்.

அப்போ அந்தக் காசை எதில் போடலாம்?

இதைக் கேட்கிறவர்களுக்கு மேசையில் ஒரு ரீ உண்டு.

முதலில் எர்த். கரையோரத்து உப்பு மண்ணில் பழைய எர்த் கம்பி அரித்துப்போயிருக்கும், ஒருவரும் தோண்டிப் பார்ப்பதில்லை. நல்ல வயர்மேனைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று அதிலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது இடி. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடிமழை நமக்குத் தெரியும். இடியில் வருகிற எழுச்சி மைக்ரோ செக்கன் கணக்கில் வந்து போய்விடும். பியூஸ் அறுவதற்கு அதைவிட எவ்வளவோ நேரம் வேண்டும். எந்த விலைப் பியூசாலும் அதைத் தடுக்க முடியாது. மெயின் போர்டில் எழுச்சி தடுக்கும் கருவி போடலாம். அதைவிட மலிவு, பிளக்கைக் கழற்றி வைப்பது. கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரத்துக்கும் இதே யோசனை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கினதே, அன்று கரண்ட் திரும்பி வந்த பிறகு எனக்கு ஒரு கிழமை வேலை இருந்தது.

பிறகு அறை. இதில்தான் உண்மையான சத்தம் இருக்கிறது. நம் ஹோல்கள் எல்லாம் டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், கண்ணாடி அலுமாரி. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். "டிங்" என்று பின்னால் ஒரு வால் நீள்கிறதா? உங்கள் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் ஒட்டியிருக்கிறது. தடித்த கம்பளம், கனத்த திரைச்சீலை, புத்தகம் அடுக்கிய தட்டு, பஞ்சு வைத்த கதிரை. இவை போட்டால் வருகிற மாற்றத்துக்கு நாணயம் சுண்டத் தேவையில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கேட்கும். புற்பாய் போதாது, மெல்லியது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். அதற்குக் காசே இல்லை. சீலிங் பேனை அணைத்துப் பாருங்கள். வைகாசிக் கச்சான் காற்றில் அது முடியாது, எனக்கும் தெரியும்.

ஹோல்டரைத் துடைப்பதை வருடத்துக்கு ஒருமுறை செய்யலாம். தொடுமுனை துடைக்கும் ஸ்பிரே கொஞ்சம், பஞ்சுக் குச்சி. அரத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய் இன்னும் வேகமாகக் களிம்பு ஏறும். பிடிக்கிற தகடு தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள்.

விற்கிறவர்கள் ஏமாற்றுகிறார்களா?

சிலர் தாங்களே நம்புகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பாதுகாப்புச் சான்று முத்திரை எதுவும் இல்லாமல், எத்தனை அம்பியரில் எவ்வளவு நேரத்தில் அறும் என்ற அட்டவணையும் இல்லாமல், "மேடை விரிகிறது, இருட்டு ஆழமாகிறது" என்று மட்டும் எழுதி விற்கிற பியூசை நான் யார் வீட்டு அம்பிளிபயரிலும் போட மாட்டேன். பியூஸ் அறவேண்டிய நாளில் அறுமா என்பதுதான் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதை விற்கிறவரே எழுதவில்லையென்றால் மற்ற வர்ணனை எனக்கு எதற்கு?

காக்காவின் லண்டன் பியூஸ் என்னவானது?

அவருடைய அம்பிளிபயரில்தான் இருக்கிறது. அளவு சரி, எச் எழுத்து இருக்கிறது, சான்று முத்திரையும் இருக்கிறது, கழற்றக் காரணமில்லை. மச்சான் போனில் கேட்டால் "போட்டிருக்கன்" என்று சொல்லவும் வேண்டும் அல்லவா. கடைப் பியூசை மேலதிகமாக மூடிக்குள் டேப்பால் ஒட்டிக் கொடுத்தேன். வெல்வெட் பெட்டியில் இப்போது மகளின் மூக்குத்தி இருக்கிறதாம்.